இருபதாவது நிமிடம்

மாவுச்சத்தில் அளவாக ஈரம் சேர்த்து, இறுக மூடிச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடியும் சூடாக்கினால் அது பிடிவாதக்காரியாகிவிடும். வயிற்றுக்குள் போனாலும் சர்க்கரையை மெல்லத்தான் விடும். அந்த மாவை வயிற்றில் சுரக்கும் நொதியோடு குழாயில் போட்டு, இருபதாவது நிமிடம் எடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. அன்று பார்த்தபோது சர்க்கரை பெயருக்குத்தான் இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணனுக்காகத்தான் இதில் இறங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். பாதி உண்மை. மீதி, பெயர் வாங்கும் ஆசை. அண்ணன் பெயின்டர். இன்சுலின் போட்டுக்கொண்டு, சாரத்தில் ஏறி மூன்று மாடிக்கும் வர்ணம் அடிப்பான். சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் போட்டுக்கொள்ளச் சட்டைப் பையில் மிட்டாய் இருக்கும். சுற்றாமலே தின்கிறான் என்று அண்ணி புகார் சொன்னாள். நான் பையைக் கவிழ்த்து மிட்டாயைக் குப்பையில் போட்டேன். என் மாவில் சுட்ட பிஸ்கட்டை வைத்தேன்.

"ஏய் விஞ்ஞானி, தல சுத்துனா?"

"இதயே சாப்பிடு. இதுவும் சர்க்கரையாத்தான் மாறும்."

மாறும்தான். எப்போது மாறும் என்று சொல்லவில்லை. இருபது நிமிடக் கணக்கு என் நோட்டில் இருந்தது, அதை அவன் தலைசுற்றலோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. படித்தவள் செய்கிற முட்டாள்தனத்துக்கு அளவே கிடையாது.

அடுத்த வாரம் நண்பகலில் அவன் சாரத்திலிருந்து விழுந்தான். கீழே மணல் குவித்திருந்ததால் உயிர் தப்பியது. இடுப்பெலும்பில் விரிசல்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவன் சட்டையை என்னிடம் கொடுத்தாள். பையில் பிஸ்கட் பொட்டலம் பிரிந்திருந்தது. ஆறில் நாலு இல்லை. சாப்பிட்டிருக்கிறான், சரியாகிவிடும் என்று காத்திருக்கிறான், எழுந்திருக்கிறான்.

"சுத்துதுன்னு தெரிஞ்சும் ஒண்ணும் சாப்பிடலியா?" என்று டாக்டர் அதட்டினார்.

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "மறந்துட்டேன் சார்."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி உதட்டைப் பிதுக்கினார். "தன் உடம்பயே பாத்துக்கத் தெரியாதவன நான் எப்படிங்க மேல ஏத்துறது?"

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பிஸ்கட்டைப் பத்துப் பேருக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனை இரண்டு நாளில் தொடங்கவிருந்தது. பொட்டலத்தைக் கைப்பைக்குள் தள்ளினேன்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் மேஸ்திரி அவனை மறுபடி சாரத்தில் ஏற்றவில்லை, வேறு யாரும் ஏற்றவில்லை. இப்போது கீழே உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளுக்கு உப்புக்காகிதம் தேய்க்கிறான். நேற்று அங்கே போனேன். முகமெல்லாம் துருப்பொடி. ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கொட்டினேன்.

"அண்ணா, மேஸ்திரிகிட்ட நான் உண்மைய சொல்லிடறேன். தப்பு என்மேலதான்."

தேய்ப்பதை அவன் நிறுத்தவில்லை.

"இப்ப எதுக்கு? விடு."

"நீ ஏன் அன்னிக்குப் பொய் சொன்ன? யார் சொல்லச் சொன்னா?"

அவன் சிரித்தான். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"சின்ன வயசுலேந்து என்னை ஒரு பொய் முழுசா சொல்ல விட்டிருக்கியா நீ? உடனே குறுக்க பேசுவியே. அன்னிக்கும் நீ பேசுவேன்னுதான் நெனச்சேன்."