எல்ஸ்பெத் தொழுவத்தில் உறங்கிய வீரன்

ஈல்டன் குன்றுக்குள் உறங்கும் வீரர்களில் ஒருவன், ஒரு மழைக்காலத்தில் எல்ஸ்பெத் வீட்டு மாட்டுத் தொழுவத்துக்கு வந்து படுத்துக்கொண்டான். தூக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறான். குன்றுக்குள்ளே ஒழுகியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். ட்வீட் ஆற்றங்கரையில் எந்தக் கூரைதான் ஒழுகவில்லை? ஆடுகளுக்கு மயிர் கத்தரிக்கும்போது எல்ஸ்பெத் அவன் தாடியையும் கத்தரித்துவிடுவாள். அவன் மூச்சுச் சூட்டில் பசுக்கள் பனிக்காலத்திலும் கறந்தன. நாட்டுக்குப் பெரிய தேவை வரும்போது எழுவான் என்று பாவலர் காவின் சொல்லியிருந்தார். காவின் தேவதைகளோடு ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அதன்பின் அவர் நாக்கில் பொய் வராது. அதனாலேயே அவரை யாரும் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை. பிறகு ராஜா செத்தார், மடம் எரிந்தது, கொள்ளைநோய் வந்து போனது. வீரன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

அப்புறம் எல்லைக்கு அப்பால் மாடு திருடப் போன எல்ஸ்பெத்தின் புருஷன் ஹாப், ஆங்கிலேயத் தளபதியிடம் மாட்டிக்கொண்டான். சனிக்கிழமை தூக்கு என்று செய்தி வந்தது. எல்ஸ்பெத் வீரனை உலுக்கினாள், காதில் கொம்பு ஊதினாள், காலைப் பிடித்துக் கெஞ்சினாள்.

பாதிரியாருக்குப் பொறுக்கவில்லை. "நாட்டுக்குன்னு வச்சிருக்கிற ஆள ஒரு மாட்டுத் திருடனுக்காகவா எழுப்புற?"

"நாடு என்ன, என் வீட்டு வாசலோட நின்னுடுச்சா சாமி?" என்றாள் எல்ஸ்பெத். காவினைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க. எழுந்திருப்பாரா?"

"எழுந்திருப்பான் தாயி. எதுக்குன்னு தேவதைங்க எனக்குச் சொல்லல" என்றார் காவின்.

எங்கள் பக்கம் வீட்டில் சமைக்க ஒன்றுமில்லையென்றால் பெண்கள் சண்டை போடுவதில்லை. புருஷன் முன்னால் மூடிய தட்டை வைப்பார்கள். திறந்தால், குதிரையை விரட்டக் குதிகாலில் மாட்டும் முள் இருக்கும். ஆண்பிள்ளை என்றால் அதற்குமேல் உட்கார்ந்திருக்காமல், எல்லை தாண்டி மாடு ஓட்டிவரக் கிளம்ப வேண்டும். எல்ஸ்பெத் அந்தத் தட்டைக் கொண்டுவந்து வீரனின் நெஞ்சின்மேல் வைத்தாள். "வீட்டுல ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

வீரன் எழுந்து முள்ளை மாட்டிக்கொண்டு, ஹாபின் குதிரையில் தெற்கே போனான். மறுநாள் மத்தியானம் தளபதியின் மொத்த மந்தையையும் ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தான். ஹாப் மட்டும் வரவில்லை. தட்டு கேட்பது மாட்டைத்தான், மனிதனை அல்ல. பதற்றத்தில் எல்ஸ்பெத் அதை மறந்திருந்தாள். மாடுகளுக்கு நடுவே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் வெள்ளிக்கிழமை தளபதியின் ஆள் வெள்ளைத் துணியோடு வந்தான். மாட்டைக் கொடு, உன் ஆளைக் கூட்டிக்கொள் என்றான். அவள் அந்த மந்தையில் கன்றுக்குட்டி வரை எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டாள்.

கழுத்தில் கட்டி இழுத்த கயிற்றுத் தடத்தோடு வந்த ஹாப், முதலில் வெறும் புல்வெளியைத்தான் பார்த்தான். "ஏண்டி, எல்லாத்தையுமா குடுத்த? ஒரு கன்னுக்குட்டியாச்சும் ஒதுக்கி வச்சிருக்கக் கூடாதா?"

அத்தனை நாளும் அழாதவள் அப்போதுதான் அழுதாள். வீரன் பழைய இடத்தில் முள்ளைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டிருந்தான். ஹாப் அவன் கால்முள்ளைக் கழற்றி வைத்து, தன் கம்பளியைப் போர்த்திவிட்டு, தொழுவத்துப் பசுக்களுக்கு வைக்கோல் போடப் போனான்.