மூடிய கை

வெர்னலின் வலது கை போர்வைக்குள்ளிருந்து மறுபடி எழுந்தது. விரல்களை முஷ்டியாக மடக்கிக் காது உயரத்துக்குத் தூக்கினார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கை விழுந்தது.

"வலிக்குதாப்பா?" என்றாள் மகள் ஜோவெட்டா.

மூச்சுக்கவசத்தின் பட்டையை அவள் சரிசெய்தாள். நேற்றிலிருந்து அவருக்குப் பேச்சு இல்லை.

தொண்டைக்குள் குழாய் இறக்குவதா, கவசத்தையும் கழற்றிப் போகவிடுவதா என்று மருத்துவர் காலையில் கேட்டிருந்தார். அப்பாவுக்காக முடிவு சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"வலியெல்லாம் இல்ல, சண்டை போடறான்," என்றாள் பெர்னிஸ் அத்தை. "என் தம்பி எதையும் பாதியில விட்டதில்ல. குழாயப் போடச் சொல்லு கண்ணு."

அது உண்மைதான். தொழில்முறைக் கூடைப்பந்தில் ஒன்பது வருடம், நான்கு அணிகள். நட்சத்திரம் இல்லை. ஆனால் விலா எலும்பில் விரிசல் விட்டும் ஆடினார், காய்ச்சலிலும் ஆடினார். பத்திரிகைகள் அவரைச் சளைக்காத கோவேறு கழுதை என்று எழுதின. அவருக்கு அது பிடித்திருந்தது.

மதியம் ஓட்டிஸ் வந்தார். அப்பாவோடு ஒரே அணியில் இருந்தவர். கையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு.

"என்னடா கழுத, இந்தக் கட்டிலயும் எனக்கு விட்டுத்தர மாட்டியா?"

கை எழுந்தது. ஓட்டிஸ் சிரிப்பை நிறுத்தினார்.

"எப்போலேர்ந்து இப்படிப் பண்றான்?"

"நேத்துலேர்ந்து. எதுக்குன்னு தெரியல அங்கிள்."

"எனக்குத் தெரியும்மா. மூணு சீசன் நான் இவனுக்கு மாற்று ஆள். முடியலன்னா முஷ்டியத் தூக்கணும், கோச் அவன பெஞ்சுக்கு அனுப்பி ஆள மாத்துவார். இவன் எப்பத் தூக்குவான், நான் எப்ப உள்ள போவேன்னு பெஞ்சுல உக்காந்து பாத்துப் பாத்தே என் கழுத்து கோணிப்போச்சு. ஒரு தடவகூடத் தூக்கல, பாவி."

"சும்மா இரு ஓட்டிஸ்," என்றாள் அத்தை. "அதே கையத் தூக்கித்தானே அடுத்து என்ன ஆட்டம்னு மத்தவங்களுக்குச் சொல்லுவான்? நான் பாத்ததில்லையா?"

"அதுவும் உண்டுக்கா."

ஜோவெட்டா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டுக்கும் ஒரே கையா? அப்போ எது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அவன் கண்ணு எங்க போகுதுன்னு பாக்கணும்," என்றார் ஓட்டிஸ். " கூட ஆடறவனப் பாத்தா, ஆட்டம். கோச்சப் பாத்தா, போதும்னு அர்த்தம்."

இவ்வளவு நேரம் அவள் கையை மட்டுமே பார்த்திருந்தாள்.

காத்திருந்தாள். கை எழுந்தபோது குனிந்து பார்த்தாள். பாதி மூடிய இமைகளுக்குள் கண்கள் அவள்மேல் இருந்தன. தற்செயலாக இருக்கலாம். ஓட்டிஸைத் தன் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டிலின் கால்பக்கம் போய் நின்றாள்.

கை எழ நெடுநேரம் ஆயிற்று. கண்கள் ஓட்டிஸிடம் தங்கவில்லை. மெல்ல நகர்ந்து, தேடி, முடிவு சொல்ல வேண்டிய அவளிடம் வந்து நின்றன.

"இங்க பாருடா," என்றாள் அத்தை. "வெர்னல், அக்காவப் பாரு."

அவர் பார்க்கவில்லை.

அத்தை போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய பெரிய பாதங்களை மூடினாள். பிறகு, "நர்ஸைக் கூப்பிடு," என்றாள்.

கவசத்தை எடுத்தபோது கன்னங்களில் பட்டைகளின் தடம் சிவந்து பதிந்திருந்தது. மூச்சு நீண்டது. இடைவெளிகள் நீண்டன. ஜோவெட்டா அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். நர்ஸ் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்து நேரத்தைக் குறித்தாள்.



சுவரோரம் நீளமான பெஞ்சு ஒன்று இருந்தது. ஓட்டிஸ் போய் அதன் நடுவில் உட்கார்ந்தார். பிறகு ஓரத்துக்கு நகர்ந்து, பெரிய ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்.