தறப்பாள் நீலம்

பதுளை பஸாரில் இருக்கும் மர்ஸூக்கின் ஸ்டூடியோவில் முஹ்ஸினா வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெயர் எழுதிக் கொடுப்பது அவள் வேலை. கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். அப்படிப்பட்டவள் அந்தத் திங்கட்கிழமை காலை திரையை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தாள்.

மாப்பிள்ளை நீலமாக இருந்தான். பொண்ணு நீலமாக இருந்தாள். ஐயர், மாலை, வாழைப்பழம், பால் செம்பு எல்லாமே நீலம்.

"பெரகல பக்கம், தோட்டத்து லயத்து முத்தத்துல பந்தலுக்குத் தறப்பாள் கட்டியிருந்தாங்கக்கா," என்றான் கேமராக்காரன் சுரேஸ், தலையைச் சொறிந்துகொண்டே. "நீலத் தறப்பாள். மேல நல்ல வெயிலு. நேருல பாக்கும்போது ஒண்ணும் தெரியல. கேமராவுல கலர் செட்டிங்க மாத்த மறந்துட்டேன்."

மர்ஸூக் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னத்த செய்ற? கறுப்பு வெள்ளையாக்கிக் குடுப்போம். பழைய காலத்துக் கலியாணம் மாதிரி ஈக்கும். கேட்டா, புது ஸ்டைல்ன்டு செல்லலாம்."

முஹ்ஸினாவுக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணப் பெண் விஜயலெட்சுமி காலையில்தான் போன் எடுத்திருந்தாள். "சீல கலரு நல்லா விழுந்திருக்காக்கா? அரக்குச் சிவப்பு. கொழுந்து எடுக்குற கூட்டாளிங்க பத்துப் பேரு என்னோட பண்டாரவளைக்கு வந்து, ஏழு கடை ஏறி எறங்கி எடுத்தது!" அந்த அரக்குச் சிவப்பு இப்போது கத்தரிக்காய்த் தோல் மாதிரி இருந்தது.

"மர்ஸூக் நானா," என்றாள், அண்ணனைக் கூப்பிடுவதுபோல். "அவங்க வியாழக்கெழமதானே வாராங்க? அதுவரைக்கும் எனக்கிட்ட விடுங்க."

நிறம் திருத்துவதற்கென்றே ஒரு மென்பொருள் அந்தக் கணினியில் பல மாதமாகச் சும்மா கிடந்தது. ஒருமுறை திறந்துபார்த்துவிட்டு, பயந்துபோய் மூடியவள்தான் முஹ்ஸினா. அதில் எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் நோட் என்று பெயர். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குக் கம்பி இழுத்தாற்போல் கோடு போகும். படம் இடது பக்கம் உள்ளே நுழைந்து, பெட்டி பெட்டியாகக் கடந்து, வலது பக்கம் வெளியே வரும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நிறத்துக்கு ஏதாவது ஒரு வேலை நடக்கும்.

யூடியூபில் தேடினாள். தெளிவாகச் செய்துகாட்டியவன் ஒரு பிரேஸில்காரன். பேசியது ஒரு சொல்லும் புரியவில்லை. சத்தத்தை அடைத்துவிட்டு, அவனுடைய மவுஸ் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்தாள். நிறுத்துவாள், செய்வாள், மறுபடி ஓடவிடுவாள். பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் பெட்டிகளை வரைந்து, எதற்கு எது என்று குறித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பெட்டி கைக்கு வந்தது. நீலத்தைக் குறைத்து, சிவப்பை ஏற்றினாள். தறப்பாளின் பக்கவாட்டிலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் வந்திருந்ததால் சிவப்பு முழுசாகச் செத்துப்போகவில்லை. மெல்ல மெல்ல விஜயலெட்சுமியின் முகத்தில் ரத்தம் ஓடியது. கன்னம் தெரிந்தது. குங்குமம் தெரிந்தது.

"சுரேஸ்! ஓடி வாங்க!"

சுரேஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, "முகமெல்லாம் சரிதான்க்கா. ஆனா அந்த மலையப் பாருங்க," என்றான்.

தறப்பாளுக்கு வெளியே தெரிந்த தேயிலை மலை தீப்பிடித்தாற்போலச் செம்மண் நிறத்தில் நின்றது. வெளியே இருந்தது நல்ல வெயில். அங்கே நீலமே இல்லை. உள்ளே போட்ட மருந்து வெளியேயும் பாய்ந்துவிட்டது.

புதன்கிழமை முழுக்க அந்த மலையோடு மல்லுக்கட்டினாள். முதல் பெட்டிக்குப் பின்னால் இரண்டாவது பெட்டி வைத்து, மலையை மட்டும் வளைத்துக் கோடு போட்டு, அதற்குள் பச்சையை ஏற்றினாள். சேற்றுப் பச்சைதான் வந்தது. மூன்றாவது பெட்டி, நாலாவது பெட்டி. மலை அழுகிக்கொண்டே போனது. வெறுத்துப்போய்க் கோடுகளைப் பிடித்து இழுத்ததில் இரண்டாவது பெட்டியின் கோடு கழன்று, திரை இருண்டது. அவசரமாகத் திருப்பி மாட்டியபோது கை தவறி, முதல் பெட்டியில் மாட்ட வேண்டியதைப் படம் உள்ளே நுழையும் புள்ளியிலேயே மாட்டிவிட்டாள்.

மலை பளிச்சென்று பச்சையானது. ஆனால் பொண்ணும் மாப்பிள்ளையும் மறுபடி நீலம்.

முஹ்ஸினா கையை எடுத்துவிட்டு, அசையாமல் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. இரண்டாவது பெட்டி இவ்வளவு நேரமும் வாங்கியது அசல் படத்தை அல்ல. முதல் பெட்டி செம்மண்ணாக்கி அனுப்பியதைத்தான் வாங்கியது. ஒன்றின் பின்னால் ஒன்று வைத்தால், முன்னது கெடுத்ததையும் பின்னது சுமக்க வேண்டும். அப்படியென்றால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்?

ஒரே புள்ளியிலிருந்து இரண்டு கோடுகளை இழுத்தாள். ஒன்று தறப்பாளுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு, மற்றது வெளியே இருக்கும் மலைக்கு. கடைசியில் இரண்டையும் ஒரு பெட்டியில் சேர்த்தாள். உள்ளே அரக்குச் சிவப்பு, வெளியே தேயிலைப் பச்சை!

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. ஸ்டூடியோவை இரண்டு சுற்றுச் சுற்றிவந்து, மறுபடி உட்கார்ந்தாள். தாலி கட்டும் காட்சியில் மஞ்சள் கயிறு மட்டும் சாம்பலாக இருந்தது. அதைச் சுற்றிச் சின்ன வட்டம் போட்டு, கை அசையும் பக்கமெல்லாம் வட்டமும் கூடவே போகும்படி பூட்டி, மஞ்சளை ஏற்றினாள். கயிறு கயிறாகவே தெரிந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசிக் காட்சியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது இடி ஒன்று விழுந்தது. கரண்ட் போய்விட்டது. இரண்டு ராத்திரியும் கணினியை அணைக்காமலே போனதில், உற்சாகத்தில் ஒருமுறைகூடச் சேமிக்கவில்லை என்பது அப்போதுதான் முஹ்ஸினாவுக்கு நினைவு வந்தது.

ஒன்றரை மணிநேரம் கழித்துக் கரண்ட் வந்தது. திறந்து பார்த்தாள். பெட்டி ஒன்றுகூட இல்லை. எல்லாரும் நீலம்.

"மூணு மணிக்கு வந்துருவாங்க," என்றார் மர்ஸூக். "விடு தங்கச்சி, கறுப்பு வெள்ளையே போடு."

"வேணாம் நானா. எனக்குத் தெரியும்."

கொப்பியைத் திறக்கவில்லை. பிரேஸில்காரனையும் கூப்பிடவில்லை. எந்தப் பெட்டி எதற்கு, எந்தக் கோடு எங்கிருந்து என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லியிருப்பாள். இரண்டு நாள் எடுத்த வேலை, தாலி கட்டும் காட்சி வரைக்கும், முப்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. சுரேஸ் பின்னால் நின்று மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

விஜயலெட்சுமி புருஷனோடும் அம்மா இராக்கம்மாவோடும் மழையில் நனைந்தபடி வந்து சேர்ந்தாள். முஹ்ஸினா அவர்களைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, தாலி கட்டும் இடத்தை ஓடவிட்டாள்.

"அய்யோ, என் சீல!" என்று விஜயலெட்சுமி வாயில் கைவைத்தாள். "கடையில பாத்த அதே கலரு!"

"நம்ம மலையப் பாருடி," என்றாள் இராக்கம்மா. "மழ பேஞ்சு கழுவி விட்ட மாதிரி இருக்கு."

சுரேஸால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "மன்னிச்சிருங்கம்மா, நான் எடுத்தது இப்பிடி இல்ல. எல்லாத்தையும் நீலமா எடுத்துட்டேன். அக்காதான் சரிபண்ணுனாங்க."

"நீலமாவா? எங்க, காட்டுங்க!"

முஹ்ஸினா பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கயிறு சாம்பலானது. மலை மங்கியது. பொண்ணும் மாப்பிள்ளையும் நீலமானார்கள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நான் போட்டுப் பாக்கவாக்கா?" என்று விஜயலெட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். முஹ்ஸினா மவுஸை அவள் கையில் கொடுத்தாள். விஜயலெட்சுமி ஒரு பெட்டியை அமுக்கினாள். முகத்தில் ரத்தம் ஏறியது. அடுத்ததை அமுக்கினாள்; மலை எழுந்தது. "நிப்பாட்டு, இன்னொருக்கா போடு," என்று இராக்கம்மா கேட்டுக்கேட்டுப் பார்த்தாள். அவர்கள் புறப்படும்போது மழை விட்டிருந்தது.

"நாளைக்குக் கலியாண ஷூட்டிங் எங்க?" என்று முஹ்ஸினா கேட்டாள்.

"வெலிமடையிலக்கா," என்றான் சுரேஸ் தயங்கியபடி. "மண்டபத்துல ஊதா லைட்டாம்."

"அவங்கள்ட்ட லைட்ட நல்லா எரிய விடச் செல்லுங்க," என்றாள் முஹ்ஸினா.