என்ன நிறச் சட்டை

வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த சித்திரை மாதத்தில்தான் லக்ஷிகா ஸ்பானிஷ் படிக்கக் குவாத்தமாலாவுக்குப் போனாள். மூன்று மாதம் அங்கே ஒரு வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகம் முந்தின வருஷமே ஒழுங்கு செய்துவிட்டது. வீட்டுக்காரியின் பெயர் வேரோனிக்கா. மகள் போன பிறகு, புலம்பெயர்ந்து வந்த நாட்டில், சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாறாம் மாடியில், கோணேஸ்வரி தனியே இருந்தாள்.

அவளுடைய தம்பி வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மட்டக்களப்பிலிருந்து போய், இயக்கத்தின் வைத்தியப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே கலியாணமும் கட்டியவன். ஹோட்டலில் அறைகள் துப்பரவாக்கும் வேலை முடிந்ததும் கோணேஸ்வரி நேரே யூனிவர்சிற்றி அவெனியூவுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லி மறியல் செய்த கூட்டத்தோடு நின்று கத்துவாள். சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்றும் நின்றாள்.

ஒன்பது நாள் கழித்துத் தம்பியின் மனைவி தவமணி, சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமிலிருந்து யாருடையதோ போனில் கதைத்தாள்.

"ஆமிக்காரங்கள் சரணடையச் சொன்னவங்கள், மச்சாள். பெயரைப் பதிஞ்சுபோட்டு விடுவினமாம். நான் பாத்துக்கொண்டு நிக்கத்தான் அவரை பஸ்ஸில ஏத்தினவங்கள்."

கோணேஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி உயிரோடு இருக்கிறான். மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள், கோயிலுக்குப் போய் அருச்சனையும் செய்தாள்.

மறுநாள் பின்னேரம் லக்ஷிகா போன் எடுத்தாள். குரல் சரியில்லை.

"அம்மா, மாமாவை பஸ்ஸில கொண்டு போனதை வேரோனிக்காவுக்குச் சொன்னனான். அவ சாப்பிடுறதையே நிப்பாட்டிட்டா."

"ஏன்?"

"அவவின்ர அண்ணாவையும் ஆமி லொறியில ஏத்திக்கொண்டு போனவங்களாம். எய்ட்டி டூவில."

"பிறகு விட்டவங்களா?"

பின்னால் ஒரு பெண் ஸ்பானிஷில் நிதானமாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். லக்ஷிகா கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னாள்.

"போன வருஷம்தான் ஒரு கிடங்கைத் தோண்டினவையாம். கன பேரின்ர எலும்பு ஒண்டாக் கிடந்ததாம். அண்ணா என்ன ஷேர்ட் போட்டிருந்தவர் எண்டு வீட்டில ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையாம், அதால எது அவரின்ர எலும்பு எண்டு இண்டைக்கும் தெரியாதாம். நீங்கள் மாமியிட்ட இப்பவே கேட்டு எழுதி வைக்கட்டாம். உடுப்பு, பஸ் நம்பர், கூடப் போன ஆக்கள், பல்லு..."

"பொத்து வாயை" என்றாள் கோணேஸ்வரி. "என்ர தம்பி உயிரோட இருக்கிறான். அவனுக்குச் செத்தவீடு கொண்டாட உவ ஆரு?"

போனை வைத்தாள். அதன் பிறகு மகள் எடுத்தபோதெல்லாம் பதில் சொல்லவில்லை. ஆனால் வேலையில் தலையணைக்கு உறை மாற்றும்போதும் லிஃப்ட்டுக்குக் காத்து நிற்கும்போதும் அந்தப் பெண்ணின் குரல் காதுக்குள் கேட்டுக்கொண்டேயிருந்தது. பாஷை விளங்காத குரல்.

ஆனி நடுப்பகுதியில் தவமணி மறுபடி கதைத்தாள். "ஆமியிட்ட விசாரிச்சனான். அப்பிடி ஒரு ஆள் தங்களிட்ட இல்லையாம், மச்சாள். பஸ்ஸே வரேல்லையாம்."

கோணேஸ்வரி மின்சார பில் வந்த கடித உறையைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள்.

"தவமணி, அண்டைக்கு அவன் என்ன நிறச் சட்டை போட்டிருந்தவன்?"

"ஏன் கேக்கிறியள்?"

"எழுதி வைக்கத்தான்" என்றாள் கோணேஸ்வரி. தவமணிக்கும் விளங்கிவிட்டது. பக்கத்தில் யாரோ போனைக் கேட்டு அவசரப்படுத்தினார்கள். அவள் கொடுக்கவில்லை.

"சாம்பல்" என்றாள் கடைசியில். "சட்டையின்ர இடது கை கிழிஞ்சிருந்தது. நான்தான் கறுப்பு நூலால தைச்சனான். கீழ்வரிசையில ரெண்டு பல்லு இல்லை. ஷெல் விழுந்தபோது போனது. பஸ்ஸுக்கு நம்பர் இருக்கேல்லை, மச்சாள். நான் பாத்தனான்."

கோணேஸ்வரி எல்லாவற்றையும் எழுதினாள். சாம்பல் என்ற சொல்லை எழுதத்தான் கை வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதினாள்.

அன்றே குவாத்தமாலாவுக்கு எடுத்தாள். மகளிடம் கோபம், மன்னிப்பு என்று ஒன்றும் பேசவில்லை.

"அவவிட்டக் கேள் புள்ள, வேற என்னத்தை எழுதி வைக்க வேணும் எண்டு."