ராசாமணியின் கடி

எங்கள் இளங்கோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு அவன் எதிரணிக்குள் போனால் அந்த மூச்சுக் காற்றிலேயே இரண்டு பேர் கோட்டுக்கு வெளியே போய் விழுவார்கள். மிச்சம் இருப்பவர்களை அவன் தொடவேண்டிய அவசியமே இல்லை, அவர்களாகவே வந்து தொட்டுவிட்டு அவுட் ஆவார்கள். நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். நாமக்கல்லுக்கும் மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கும் நடுவே காலமெல்லாம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் குமட்டிக்கொண்டு வருகிறவர்களைத் திசைதிருப்பக் கதை சொல்லிச் சொல்லியே எனக்கு நாக்கு நீண்டுபோய்விட்டது. ஆனால் மீதிப் பாதி சத்தியம்.

அந்த மீதிப் பாதியைக்கூட உலகத்துக்குக் காட்டாமல் மறைத்தது 'அடிவாரக் களம்' என்கிற யூடியூப் சேனல். மலையிலோ அடிவாரத்திலோ எந்த மூலையில் கபடி நடந்தாலும் அந்தச் சேனலை நடத்துகிற சசிகுமார் கேமராவோடு வந்து நிற்பான். அவனுக்குச் சொந்த ஊர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. போதாதா? அந்த ஊர் அணி ஜெயித்தால் 'சிங்கங்களின் வேட்டை' என்று தலைப்பு. மலைமேல் எங்கள் தேவனூர் நாட்டு அணி ஜெயித்தால் 'கோப்பையை நூலிழையில் தவறவிட்ட சிங்கங்கள்'. யாரிடம் தவறவிட்டன என்பது வீடியோவைக் கடைசி வரை பார்த்தாலும் தெரியாது. ஒரு தடவை எங்கள் கேப்டன் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிய நேரத்தில் அவன் கேமரா திடலோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைக் காட்டியது. ஆட்டைக் குறை சொல்லக்கூடாது, அது நன்றாகவே நின்றது. ஆனால் எங்கள் ஆள் ஒருவன் கீழே விழுந்துவிட்டால் மட்டும் சோக இசையோடு, மெதுவாக, இன்னும் மெதுவாக, திரும்பத் திரும்ப விழுந்துகொண்டே இருப்பான்.

கோகிலவாணியின் டீக்கடையில் கூடி இதைத் திட்டுவதுதான் எங்கள் ரசிகர் கூட்டத்தின் அன்றாட வேலை. கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி செல்லமுத்து. மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், ஆட்டத்தில் எதிரி நன்றாக ஆடினாலும் கைதட்டிவிடுகிற மனிதர். போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் வித்தையைப் பழகிக்கொண்டு, கமெண்ட்டில் பக்கம் பக்கமாக நியாயம் கேட்பார். 'நடுநிலை வேண்டும்' என்று அவர் சொன்னதைப் போன் 'நடு இலை வேண்டும்' என்று எழுதிவிட, கீழே எவனோ 'ஓரத்து இலை ஆகாதுங்களா' என்று கேட்டிருந்தான். அன்றைக்கு அவர் டீயே குடிக்கவில்லை.

இந்த வருடம் இறுதி ஆட்டம் எங்கள் திடலில். எதிரே காளப்பநாயக்கன்பட்டி. ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். கடைசியாகப் பாடிப் போன இளங்கோ ஒருவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது ராசாமணி என்கிற அவர்களுடைய மூலைக்காரன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். ஆறு யானை கட்டி இழுத்திருந்தாலும் அந்தப் பிடி விட்டிருக்காது. இளங்கோவுக்கு மூச்சு அறுந்தது, ஆட்டம் முடிந்தது.

அந்தப் பிடிக்கு எங்கள் மலையில் 'கடி' என்று பேர். வாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கணுக்காலை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டு, உதைத்தாலும் உருண்டாலும் விடாமல் கிடப்பது கடி. 'நல்லாக் கடிக்கிறான்' என்பதைவிடப் பெரிய பாராட்டு ஒரு பிடிகாரனுக்கு இங்கே இல்லை. மலையை விட்டு இறங்கினால் அந்தச் சொல் கிடையாது. அங்கே அது வெறும் கால்பிடி.

ஆட்டம் முடிந்ததும் சசிகுமார் என்ன நினைத்தானோ, முதல் தடவையாக எங்கள் பக்கம் வந்து செல்லமுத்துவின் வாயருகே மைக்கை நீட்டி ஆட்டம் எப்படி என்று கேட்டான். செல்லமுத்துவுக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை வருடமாகக் கேட்ட நியாயத்தையெல்லாம் மறந்துவிட்டு, மனதில் பட்டதைச் சொன்னார்.

"தோத்துட்டமுங்க. அந்த ராசாமணி கடிச்ச கடியில எங்க பையனால நவுரவே முடியலீங்க."

மறுநாள் காலை தலைப்பு வந்தது: 'காலைக் கடித்தாரா ராசாமணி? மலை ரசிகரின் பகீர் புகார்!' ராசாமணியின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ரத்தம் வழிகிற ஒரு கால். எங்கேயிருந்து எடுத்து ஒட்டினானோ, அந்தக் காலில் கொலுசு இருந்தது.

சசிகுமாருக்கு ஊர்ப் பாசம்கூட இல்லை, எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதில்தான் பாசம் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கொதித்து எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. முதல் தடவையாக அடிவாரக் களம் எங்கள் பக்கம் பேசியிருக்கிறது. அந்த வீடியோவை நாங்கள் அனுப்பாத ஆள் இல்லை, குரூப் இல்லை. துபாயில் இருக்கும் என் மச்சினன் மகனுக்குப் போய், அவன் எனக்கே திருப்பி அனுப்பினான். கடி என்றால் என்னவென்று தெரியாத ஒரு பிள்ளைகூட எங்கள் மலையில் கிடையாது. ஆனாலும் அனுப்பினோம்.

செல்லமுத்து மட்டும் தவித்துப்போனார். நான் பாராட்டித்தானே சொன்னேன், சசிகுமாரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றார். இத்தனை வருடம் அவன் நமக்குச் செய்ததற்கு இது ஒரு நாள் ஓடட்டும் என்றோம். மறுநாள், இன்னும் ஒரு நாள் என்றோம். இளங்கோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், வாயைத் திறக்கவில்லை. பிடிபட்டுத் தோற்றவன் என்பதைவிடக் கடிபட்டுத் தோற்றவன் என்பது அவனுக்குக் கொஞ்சம் இதமாக இருந்திருக்க வேண்டும். நான் சும்மா இருந்தேனா? கடைக்கு வந்த வெளியூர்க்காரர்களிடம், அந்தக் காலை நான் கண்ணால் பார்த்தேன், முப்பத்திரண்டு பல்லும் வரிசையாகப் பதிந்திருந்தது, கடைவாய்ப் பல்கூட விடவில்லை என்றேன். அவர்கள் வாயைப் பிளந்ததில் எனக்கு இரண்டு டீ குடித்த தெம்பு வந்தது.

அடுத்த வாரம் காலை பஸ்ஸில் ஒரு பெரியவரும் ஒரு பையனும் வந்து இறங்கினார்கள். பையனை யார் என்று சொல்ல வேண்டியதில்லை, சிவப்பு வட்டத்துக்குள் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு மனப்பாடம். ராசாமணி. பெரியவர் அவனுடைய அப்பா வெங்கிடுசாமி, அடிவாரத்தில் சொந்தக் காட்டில் வெள்ளாமை பார்க்கிறவர். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நாங்கள் பெஞ்சை விட்டு எழுந்து நின்றோம். பெரியவர் கும்பிட்டார்.

அன்று மதியம் நாமக்கல்லில் மாவட்ட அணிக்கு மீதி ஆள் எடுக்கிறார்களாம். இளங்கோ பெயரை அணியில் முன்பே எழுதியாகிவிட்டது. ராசாமணி பெயரும் இருந்ததாம். வீடியோவைப் பார்த்துவிட்டு, கடிக்கிற பையனைத் திடலில் இறக்க முடியாது, இல்லை என்று நிரூபித்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் போனால் வயது தாண்டிவிடும், அப்புறம் எடுக்கமாட்டார்கள். இவ்வளவையும் அவர் யாரையும் குறை சொல்லாமல் சொன்னார். பிறகு இளங்கோவைப் பார்த்தார்.

"காலக் கொஞ்சம் காட்டு சாமி. ஒரு போட்டோ எடுத்துட்டுப் போயிர்றோம்."

இளங்கோ காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். ராசாமணி வாய்க்குள் விரலை விட்டான். எதையோ நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினான். ரோஸ் நிறத் தகட்டில் முன்வரிசைப் பல் நாலும் ஒட்டிக்கொண்டிருந்தன.

"செட்டுப் பல்லுங்க. வேர்க்கடலை கடிச்சாக்கூடக் கையோட வந்துருமுங்க. ஆட்டத்துக்குப் போறப்ப கழட்டி அப்பாகிட்டக் குடுத்துட்டுத்தான் போவேன்."

பல் இல்லாமல் பேசியதில் பாதி காற்றாகப் போயிற்று. அதுவே போதுமாக இருந்தது. கோகிலவாணி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"முப்பத்திரண்டுன்னு எண்ணுனீங்களே கண்டக்டரண்ணா, இத்தையும் எண்ணிச் சொல்லுங்க."

சிரித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, பல் எப்படிப் போயிற்று தம்பி என்று கேட்டுவைத்தேன். கேட்டிருக்கக்கூடாது. அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா திடல் இருக்கும் பக்கம் பார்த்தார்.

"மூணு வருசம் முந்தி இங்கதானுங்க. இளங்கோ தம்பி குதிங்காலு பட்டதுல. வேணும்னு ஒதைக்கலீங்க, ஆட்டத்துல பட்டது. நாங்க யாருகிட்டயும் அதப் பேசுனதில்லீங்க."

அவர் பேசவில்லை. அடிவாரக் களம் பேசியது. அந்த ஆட்டம் எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. 'பல்லை உடைத்த மலை வீரர்' என்று சசிகுமார் போட்டிருந்தான், பல் போன பையன் யார் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒருதலைப்பட்சம் என்று நாங்கள் அன்றைக்கு மலையே அதிரக் கத்தினோம். அந்தப் பையன் வாயில் வழிந்தது ரத்தமே இல்லை, வெற்றிலைச் சாறு என்று கமெண்ட்டில் எழுதினோம். வெற்றிலைச் சாறு என்பது என்னுடைய கற்பனை. எல்லாரும் ரசித்தார்கள். சசிகுமார் பொய்யைத் தவிர வேறு எதுவும் சொல்லமாட்டான் என்று அவ்வளவு உறுதியாக இருந்தோம்.

செல்லமுத்துதான் முதலில் அசைந்தார். துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போட்டோவெல்லாம் வேண்டாமுங்க, நாங்களே வாரோம்" என்றார். இளங்கோ காலை வெளியே நீட்டினான். கணுக்காலைச் சுற்றி விரல் அழுத்திய தடம் மங்கலாகப் பச்சை பூத்திருந்தது. ஒரு பல் தடம் இல்லை. எழுந்து எங்களுக்கு முன்னால் பஸ்ஸை நோக்கி நடந்தான்.

வழி நெடுக நான் ஒரு கதையும் சொல்லவில்லை. எங்கள் ரூட்டில் அப்படி ஒரு பயணம் அதுவரை நடந்ததில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்குக் குமட்டியது என்று பார்க்கவும் எனக்கு முகமில்லை.

நாமக்கல் திடலில் தேர்வுக்குழுவின் தலைவி, முடியை ஒட்ட வெட்டிய ஒரு அம்மா, விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செல்லமுத்து கடி என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்ல ஆரம்பித்தார். பதற்றத்தில் அது மிளகுக் கொடியிலிருந்து தொடங்கி எங்கெங்கோ போயிற்று. இளங்கோ குறுக்கே வந்தான்.

"கடிக்கலீங்க மேடம். புடிச்சாரு. என்னால எந்திரிக்க முடியல. நாந்தான் தோத்தேன்."

அவர் ராசாமணியையும் இளங்கோவையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் கூட்டத்தையும் பார்த்தார்.

"அப்புறம் ஏன் இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லல?"

கமெண்ட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் நாங்கள். எல்லாரும் செல்லமுத்துவைப் பார்த்தோம், அவர் தன் துண்டைப் பார்த்தார். அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டு ராசாமணியைத் திடலில் இறங்கச் சொன்னார். பையன் செட்டைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்துவிட்டு ஓடினான். பாடி வந்த மூன்று பேரை வரிசையாகக் கவ்வினான். வெங்கிடுசாமி பல்லை மடியில் முடிந்துகொண்டு கண் கொட்டாமல் பார்த்தார். மாலையில் பெயர்களை வாசித்தபோது ராசாமணி பெயர் இருந்தது.

சசிகுமார் அங்கேயும் வந்திருந்தான். இளங்கோவையும் ராசாமணியையும் சேர்த்து நிறுத்திக் கைகுலுக்கச் சொன்னான். 'கடித்த வாயும் கடிபட்ட காலும் ஒரே அணியில்' என்று தலைப்புக்கூட யோசித்துவிட்டதாகச் சொன்னான். கடிக்கவே இல்லை என்கிறோமே என்றார் செல்லமுத்து. அது தெரியுமுங்க, ஆனால் அதை எவன் பார்ப்பான் என்றான். பிறகு எங்களைப் பார்த்து மைக்கை நீட்டினான். இந்த மைக்குக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தோம். அவனை என்னென்ன கேட்க வேண்டும் என்று டீக்கடையில் ஒத்திகையே பார்த்திருக்கிறோம். இப்போது நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. நீங்கள் மட்டும் அதை ஏன் ஊரெல்லாம் அனுப்பினீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம். ஒவ்வொருவராக நகர்ந்துகொண்டோம்.

போகிற வழியில் சாப்பிடாமல் விடமாட்டேன் என்று வெங்கிடுசாமி ஒற்றைக் காலில் நின்றார். மறுத்துப் பார்த்தோம், ஊட்டு வாசலை மிதிக்காமல் போனால் வருத்தப்படுவேன் என்றார். காளப்பநாயக்கன்பட்டியில் அவர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்தோம். இலை போட்டார்கள். ராசாமணியின் அம்மா பரிமாறினார். கோழிக் குழம்பு. அப்படி ஒரு குழம்பை நான் என் கல்யாணத்தில்கூடச் சாப்பிட்டதில்லை, அதில் மிகையே கிடையாது.

அந்த அம்மா இதில் இளங்கோ யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவன் இலைக்கு எதிரே வந்து குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த மகனுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பார்.

"புண்ணு ஆறிருச்சா சாமி? பல்லில்லாம எப்படித்தான் கடிச்சானோன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ஆனா வீடியோவுலயே போட்டுட்டாங்களே. வெளிய தலைகாட்ட முடியல கண்ணு. நீ மனசுல வச்சுக்காத."

இளங்கோ பிசைந்த சோற்றை இலையில் வைத்தான்.

"புண்ணே இல்லீங்கம்மா. அவரு கடிக்கலீங்க. நாங்கதான் சொல்லாம இருந்துட்டோம்."

அந்த அம்மா அவனைப் பார்த்தார். பிறகு வரிசையில் உட்கார்ந்திருந்த எங்களை, ஒவ்வொரு முகமாக. திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம்.

"புண்ணு இல்லீல்ல? அது போதுஞ் சாமி" என்று சொல்லிவிட்டு, எங்கள் இலைகளில் இன்னொரு கரண்டிக் குழம்பு ஊற்றிக்கொண்டே போனார்.