வாத்துப் பண்ணையின் வாரிசு

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அந்த நோட்டைப் பார்த்ததுமே கதவருகில் நின்றுவிட்டார். மேலட்டையில் அவர் மனைவி குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: 'நான் போன பிறகு.'

"பித்தப்பைக் கல்லு எடுக்கறதுக்கு யாராவது உயில் எழுதுவாங்களா? அரை மணி நேர வேலைன்னு டாக்டரே சொன்னாரில்ல?"

"அவருக்கு அரை மணி நேர வேலை. எனக்கு மயக்க மருந்து. பேசாம உட்காருங்க."

உட்கார்ந்தார். அவள் பல் டாக்டர் ஒருவரிடம் பதினொரு வருடமாக வரவேற்பில் இருப்பவள். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். நாளைக் காலை அறுவை சிகிச்சை. இன்று நான்கு மணிக்கு மருத்துவமனையில் சேர வேண்டும். மணி இப்போதே இரண்டு.

"மண்ணு, வீடெல்லாம் நமக்குக் கிடையாது. இருக்கறது பூரா போனுக்குள்ளதான் இருக்கு. கேளுங்க." அவள் வாசித்தாள். "மின்னஞ்சல் பாஸ்வேர்டு முதல் பக்கம். பதினாலாயிரம் போட்டோ. அதுல நீங்க கண்ணை மூடிட்டு நிக்கறது பாதி, அதை அழிச்சிடலாம். முகப்புப் படத்தை யாரும் மாத்தக் கூடாது, அதுலதான் ஒல்லியா இருக்கேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல இருந்து என்னை நீக்கக் கூடாது."

"செத்த பிறகுமா?"

"யாரு என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு தெரிய வேண்டாமா?"

ஒவ்வொன்றுக்கும் எதிரே, பொறுப்பு என்ற கட்டத்தில், 'அவர்' என்று இருந்தது. வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்தது. கடைசிப் பக்கம் வரைக்கும்தான். அங்கே, 'பண்ணை: அக்கா' என்று போட்டிருந்தாள்.

பண்ணை என்பது போனில் ஆடும் ஒரு விளையாட்டு. ஒன்பது வருடமாக அவள் அதில் பயிர் வைத்து, மாடு வாங்கி, குளம் வெட்டி, நானூற்றுப் பன்னிரண்டாம் படிக்கு வந்திருந்தாள். அவளுக்கு உயிர் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் குளக்கரையில்தான் இருந்தது. அது வாத்தியாருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் சுருக்கென்றது.

"பாஸ்வேர்டெல்லாம் எனக்கு, பண்ணை மட்டும் உங்க அக்காவுக்கா?"

"வேலையத்த வேலைன்னு நாலு பேர் முன்னாடி கிண்டல் பண்ணது யாரு?"

"அது ஆறு வருஷத்துக்கு முன்னாடி! உங்க அக்கா அவ பண்ணையில கேரட்டை அழுக விடறவ. அவகிட்ட போய்..."

"அவ கேரட்டு அழுகினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே சொன்ன," என்றார் வாத்தியார், கொஞ்சம் வேகமாக.

அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாரிசுக்கான கட்டளைகளை வாசித்தாள். "காலை ஏழு மணிக்குத் தீனி. செவலைப் பசுவை மட்டும் தினம் தடவிக் கொடுக்கணும், இல்லேன்னா பால் தராது. மூணாவது, கரடியைப் பழி வாங்கணும்."

வாத்தியார் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கரடி அவர்தான்.

மூன்று வருடங்களுக்கு முன், அவள் அப்படி என்னதான் அதில் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள, கரடி என்ற பெயரில் உள்ளே போனார். நட்பு கேட்டார். முன்பின் தெரியாத கரடியோடு எனக்கென்ன பேச்சு என்று அவள் மறுத்துவிட்டாள். நான்தான் என்று சொல்ல வெட்கம். அவ்வளவு கிண்டல் செய்திருந்தார். நட்பில்லாதவர்கள் ஒரு பண்ணைக்குள் போக அந்த விளையாட்டில் ஒரே வழிதான் இருந்தது. திருட வேண்டும். நாளுக்கு ஒரு வாத்து.

முதல் வாத்தைத் தூக்கியதும் அவளிடமிருந்து செய்தி வந்தது: 'உன் கை அழுகிப் போக.' ஒரே வீட்டில் இருந்தும், அவள் அவருக்கென்று இத்தனை உணர்ச்சியோடு எழுதி வெகுகாலம் ஆகியிருந்தது. மறுநாளும் தூக்கினார். அன்றிலிருந்து, பழகுகிறவர்கள் காரைப் பின்பக்கமாக நிறுத்தத் திணறும் நேரமெல்லாம், பக்கத்து இருக்கையில் ஒரு கால் பிரேக்கிலும் ஒரு விரல் வாத்திலுமாக இருந்தார்.

"நான் செத்ததும் கரடிக்கு ஒரு செய்தி அனுப்பணும்," என்று அவள் தொடர்ந்தாள். "'இப்போ சந்தோஷமாடா?' அவ்வளவுதான். ராத்திரி தூங்கக் கூடாது அவன்."

"தூங்க மாட்டான்," என்றார் வாத்தியார். பிறகு, "என்னையே வாரிசாப் போடேன்," என்று கெஞ்சினார்.

அவள் குரல் கொஞ்சம் இளகியது. "போடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். ஆனா விளையாட்டுல வாரிசுன்னு பதியணும்னா, அந்த ஆளும் அதுல இருபது படி தாண்டியிருக்கணும்னு விதி. அக்கா இருபத்திரண்டு. நீங்க இன்னைக்கு ஆரம்பிச்சா மாசம் ரெண்டாகும். நமக்கு ரெண்டு மணி நேரம்தான் இருக்கு."

போன் திரையில் அவள் விரல் அக்காவின் பெயரை நோக்கி நகர்ந்தது. சொன்னால் கொன்றுவிடுவாள். சொல்லாவிட்டால் பண்ணை அந்தக் கேரட்காரிக்கு.

"எனக்குக் கணக்கு இருக்கு," என்றார்.

"எத்தனாவது படி?"

"நானூத்தி முப்பத்தொண்ணு."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள். "என்னைவிட ஜாஸ்தியா? என்ன பேருல?"

வாத்தியார் தரையைப் பார்த்தார். அவளுக்கே விளங்கிவிட்டது.

"அட பாவி மனுஷா!"

தலையணை வந்தது. நோட்டு வந்தது. மருத்துவமனைக்கு எடுத்து வைத்திருந்த பை வந்து, அதிலிருந்த சீப்பு தனியாகவும் வந்தது. எல்லாம் ஓய்ந்ததும் அவள் மூச்சு வாங்கக் கேட்டாள்: "என் வாத்தெல்லாம் எங்க? வித்துத் தின்னீங்களா?"

வாத்தியார் போனை நீட்டினார். ஒரு பெரிய குளம். கரை தெரியாமல் வாத்து. ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் பண்ணையின் சிவப்புப் பட்டை.

"ஒண்ணைக்கூட விக்கலையா?"

"உன்னோடதாச்சே."

அவள் திரையை வெகு நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "நல்லாத்தான் கொழுத்திருக்கு," என்று ஒப்புக்கொண்டாள். "திருப்பிக் குடுங்க."

"குடுக்க முடியாது. இதுல திருடலாம், திருப்பித் தர வழியில்லை. வாரிசுக்குத்தான் போகும்."

அவள் யோசித்தாள். பல் வலியென்று வருகிறவர்களுக்கு நாள் குறித்துக் கொடுக்க ஏடு புரட்டும்போது அவள் முகம் இப்படித்தான் இருக்கும்.

"அப்போ முதல்ல நீங்க என்னை வாரிசாப் போடுங்க."

போட்டார். பிறகு அவள் தன் போனில் கரடியின் பெயரை அடித்தாள். திரை கேட்டது: 'இவர் உங்கள் பண்ணையில் 1,083 முறை திருடியிருக்கிறார். உறுதியாகத்தானா?'

"பாருங்க, அதுக்கே பொறுக்கலை," என்றவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள். வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிதறிக் கிடந்த துணிகளைப் பையில் அடுக்கினார்.

மறுநாள் காலை தள்ளுவண்டியில் படுக்க வைத்ததும் நர்ஸ் குனிந்து கேட்டாள்: "பயமா இருக்காக்கா?"

"எனக்கென்னம்மா பயம்? இவரை அனுப்பி வச்சிட்டுத்தான் நான் போவேன்," என்றாள் அவள் சத்தமாக. "என் வாத்து பூரா இவர்கிட்ட இருக்கு."

நர்ஸ் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்தாள். கையில் வாத்து எதுவும் இல்லை.

"மயக்க மருந்து இன்னும் குடுக்கவே இல்லையே," என்று முணுமுணுத்தபடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.