தலைக்கு மேல் பாரம்

இயேசு எந்த நொடியும் வருவார், விசுவாசிகளை உயிரோடு அப்படியே வானத்துக்கு எடுத்துக்கொள்வார் என்று கிரேன் ஓட்டும் மாமனார் நம்பினார். அதனால் ஆட்களின் தலைக்கு மேலாகப் பாரத்தைக் கொண்டுபோகவே மாட்டார். உத்தரம் அந்தரத்தில் தொங்கும்போது தான் மறைந்துபோனால் கீழே நிற்பவர்கள் கதி என்ன?

அன்று கீழே ஆறு பேர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். என்ஜினீயர் வாக்கிடாக்கியில் கத்தினார்.

"பெரியவரே, அவங்க மேலயே கொண்டுபோங்க. இல்லேன்னா நாளைக்கு வேற ஆள் ஓட்டுவான். உங்க ஆண்டவரைச் சாயங்காலமா வரச் சொல்லுங்க!"

"அவர் சொல்லிட்டு வர மாட்டார் சார். ஒருத்தனை நசுக்கிட்டு எந்த முகத்தோட அவர் முன்னாடி நிப்பேன்?"

கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டுவது அவருடைய மருமகனின் வேலை. அவன் சபைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன்.

"நீ கையைக் காட்டுய்யா, தூக்குவார்" என்றார் என்ஜினீயர்.

மாமனாரின் வேலை போனால் தன் வேலையும் போகும் என்று அவனுக்குத் தெரியும். இருபது வருஷமாக அந்தக் கிரேனுக்குக் கீழே ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை என்பதும் தெரியும். கையை உயர்த்தாமல் கம்பி கட்டுபவர்களிடம் நடந்தான்.

"அண்ணே, பத்து நிமிஷம் தள்ளி நில்லுங்க. மாமா இன்னிக்கே கிளம்பினாலும் கிளம்பிடுவார்."

ஆறு பேரும் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள்.